பவுடர் ப்ளூ டேங் மீன் மேல வெள்ளைப் புள்ளி, க்ளவுன் மேல வழவழப்பு: காப்பரை மெயின் தொட்டியிலயே ஊத்தலாமா?

பவளத்திட்டு எழுதியது:

சென்னை. 4 x 1.5 x 1.5 அடி கடல் மீன் தொட்டி, சம்ப் (வடிகட்டி வைக்கற துணைத் தொட்டி) சேர்த்து சுமார் 250 லிட்டர் தண்ணி. லைவ் ராக் (நுண்ணுயிர் வாழற பவளப் பாறை) 25 கிலோ, ஜோவாந்திட், மஷ்ரூம் பவளங்கள், ஸ்கங்க் க்ளீனர் இறால் 2, ஹெர்மிட் நண்டுகள். மீன்கள்: ஆஸெல்லாரிஸ் க்ளவுன் ஜோடி, சிக்ஸ் லைன் ராஸ், மஞ்சள் வால் டாம்செல், போன வாரம் சேர்த்த பவுடர் ப்ளூ டேங் (சுமார் 4 இன்ச்).

அளவுகள்: உப்பு 1.025 (ஒப்படர்த்தி), வெப்பம் 29–30 (சில்லர் இல்லை, ஃபேன் மட்டும்), அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 15.

டேங் துடுப்புலயும் உடம்புலயும் வெள்ளைப் புள்ளி. பாறையில உரசுது, சாப்பாடு இன்னும் எடுக்குது. ரெண்டு நாளா பெரிய க்ளவுன் தோல் மேல மங்கலா வழவழன்னு ஒரு படலம், மூச்சு வேகம், மேல்மட்டத்துலயே நிக்குது. மத்த ரெண்டும் நல்லா இருக்கு.

கடையில ஒரு நீல மருந்து பாட்டில் கொடுத்து "இது காப்பர் (செம்பு மருந்து), தொட்டியில ஊத்திடுங்க" என்றார்கள். ஹீட்டர் வச்சு 32 டிகிரிக்கு ஏத்தணுமாம், பூண்டும் கொடுக்கணுமாம். செய்யலாமா? இறால்தான் புள்ளியைத் தின்னுடும்னு இன்னொருத்தர் சொல்றார்.

---

செவுள் பதில்:

முதல்ல செய்யக் கூடாதது: அந்த பாட்டிலை மெயின் தொட்டியில ஒரு சொட்டுகூட விடாதீங்க. இறால், நண்டு, நத்தை, பவளம் எல்லாம் காப்பருக்குத் தாங்காது. லைவ் ராக்கும் பவள மணலும் சுண்ணாம்பு என்பதால காப்பரை உறிஞ்சிக்கும். அதனால தண்ணியில அளவு நிக்காது, மீனும் குணமாகாது. உறிஞ்சினதைப் பாறை பின்னாடி எப்போ விடும்னு யாராலும் சொல்ல முடியாது.

வெப்பத்தை ஏத்துறதும் வேண்டாம். நன்னீர் வெள்ளைப்புள்ளிக்குச் சொல்ற வைத்தியம் அது. கடல் வெள்ளைப்புள்ளி (கிரிப்டோகேரியான்) வேற உயிரி, 32 டிகிரியில சாகாது. தண்ணி சூடாக ஆக்ஸிஜன் குறையும். ஏற்கனவே செவுள் அடைபட்ட மீனுக்கு அதுவே போதும். பூண்டால ஒண்ணும் ஆகாது. இறாலாலும் ஆகாது: புள்ளியா தெரியற ஒட்டுண்ணி மீன் தோலுக்கு அடியில இருக்கு, அதை நோண்டி எடுக்க இறாலுக்கு வழியில்லை.

உங்க விவரத்துல ரெண்டு நோய் கலந்திருக்குற மாதிரி தெரியுது. மருந்து வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பிரிச்சுப் பாருங்க.

கிரிப்டோ: உப்புத்தூள் ஒட்டின மாதிரி, தனித்தனியா எண்ணக்கூடிய புள்ளி. மூணு நாலு நாள்ல காணாமப் போகும், அப்புறம் ரெண்டு மடங்கா திரும்பி வரும். நடுவுல "குணமாயிடுச்சு" என்று நம்பி விட்டுடறதுலதான் பாதி மீன் போகுது.

வெல்வெட் (அமைலூடினியம்): புள்ளி அதைவிட ரொம்பச் சின்னது, எண்ண முடியாது. அறை விளக்கை அணைச்சுட்டு டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சா தங்கத்தூள் பூசின மாதிரி மின்னும். மீன் வெளிச்சத்தைத் தவிர்க்கும், வேவ்மேக்கர் (அலை உண்டாக்கற பம்ப்) தண்ணி வர்ற பக்கம் முகத்தைக் காட்டி அங்கேயே நிக்கும். சாப்பாட்டை நிறுத்தும். செவுளைத்தான் முதல்ல பிடிக்கும் என்பதால தோல்ல ஒண்ணும் தெரியாமலேயே ரெண்டு மூணு நாள்ல சாகலாம்.

ப்ரூக்லினெல்லா: க்ளவுன்ல படலம், தோல் உரியற மாதிரி சளி, மேல்மட்டத்துல மூச்சு வாங்கறது எல்லாம் இதோட அடையாளம். கடல்ல பிடிச்ச க்ளவுன்ல ரொம்ப சகஜம். காப்பர் இதை ஒண்ணும் பண்ணாது.

டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு எழுதுங்க. ஓய்வா இருக்கும்போது செவுள் நிமிஷத்துக்கு எத்தனை தரம் அடிக்குதுன்னு எண்ணிக் காலையும் மாலையும் குறிச்சு வைங்க. ஏறிக்கிட்டே போனா அவசரம்.

இன்னொண்ணு, பவுடர் ப்ளூ 4 அடி தொட்டிக்கான மீன் இல்ல. நெரிசல்ல இருக்கற டேங்தான் எந்த ஒட்டுண்ணிக்கும் முதல் விருந்து. சிகிச்சை முடிஞ்சதும் 6 அடிக்குமேல தொட்டி உள்ள யாருக்காவது கொடுத்துடுங்க.

---

உவர்நிலம் பதில்:

செவுள் சொன்னதோட சேர்த்து ஒரு கருத்து. கிரிப்டோ மட்டும்தான் என்று உறுதியானால் காப்பரே வேண்டாம், உப்பைக் குறைக்கலாம். தனித் தொட்டியில் 1.009-க்கு இறக்கி 30 நாள் வைத்தால் பாறையிலும் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணி பெருகும் உறை (டோமோன்ட்) நீர் புகுந்து வெடித்துவிடும். பசி கெடாது, ராஸ் வகைகளும் நன்றாகத் தாங்கும்.

இரண்டு நாளில் படிப்படியாக இறக்குங்கள். 1.009 என்பது விளிம்பு. 1.011-க்கு ஏறிவிட்டால் நாள்கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். சென்னை வெயிலில் கவனிக்காமல் விட்டால் சின்னத் தொட்டி சில நாளில் அவ்வளவு ஆவியாகும், அதனால் கண்ணாடியில் கோடு போட்டு வைத்துக் காலை மாலை ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வேண்டும். மிதவை ஹைட்ரோமீட்டரை நம்பவே கூடாது. ரிஃப்ராக்டோமீட்டரை (ஒளிவிலகலை வைத்து உப்பை அளக்கும் கருவி) வெறும் ஆர்ஓ தண்ணீரில் மட்டும் பூஜ்யம் பார்த்தால் போதாது, 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) கரைசலிலும் சரிபாருங்கள். உப்பு குறையும்போது காரத்தன்மையும் குறைவதால் பிஎச் சரியும். தினம் அளந்து சமையல் சோடாவைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். இறக்குவது எளிது. ஏற்றும்போதுதான் மீன் அடிபடும்: நாளுக்கு 0.002-க்கு மேல் ஏற்றாதீர்கள்.

ஆனால் வெல்வெட் என்றால் இந்த வழி செல்லாது. அந்த உயிரி மீனே தாங்காத அளவுக்குக் குறைந்த உப்பிலும் பிழைத்துக்கொள்ளும்.

---

செவுள் பதில்:

உவர்நிலம் சொல்றது சரிதான், ஆனா இந்தக் கேஸ்ல நான் அதுக்கு ஓட்டுப் போடமாட்டேன். 30 டிகிரி தண்ணி, புது டேங், ஒரே தொட்டியில ரெண்டு விதமான அறிகுறி. வெல்வெட் இல்லைன்னு மைக்ராஸ்கோப்ல பார்க்காம யாரும் சத்தியம் பண்ண முடியாது. காப்பர் ரெண்டுக்கும் வேலை செய்யும்.

72 மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டி மாத்தற முறைக்கும் இதே குறைதான். கிரிப்டோவுக்கு மருந்தே இல்லாத அருமையான வழி அது. மீனை விட்டு இறங்கின ஒட்டுண்ணி உறைக்குள்ள பெருகி வெளிய வர்றதுக்குள்ள மீன் அடுத்த தொட்டிக்குப் போயிடும். ரெண்டு செட் தொட்டி, நாலு மாற்றம், நடுவுல பழைய செட்டைக் கழுவிக் காய வைக்கணும், அவ்வளவுதான். ஆனா வெல்வெட்டுக்கு உதவாது. இந்தச் சூட்டுல எல்லாமே வேகமா நடக்கும் என்பதால 72 மணியை ஒரு மணி நேரம்கூடத் தாண்டவும் முடியாது.

---

பவளத்திட்டு எழுதியது:

டார்ச் அடிச்சுப் பார்த்தேன் சார். டேங் மேல உப்புத்தூள் மாதிரி எண்ணக்கூடிய புள்ளிதான் அதிகம், ஆனா முதுகுப் பக்கம் பொடியா ஏதோ மின்னற மாதிரியும் இருக்கு, உறுதியா சொல்லத் தெரியல. இப்ப வேவ்மேக்கர் பக்கமே நிக்குது. க்ளவுன் சளி அதிகமாகியிருக்கு.

பாட்டில்ல லேபிள் எதுவும் இல்ல. 2 அடி தொட்டி ஒண்ணும் 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒண்ணும் இருக்கு. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) உரக்கடையில கிடைக்குது, அதைக் கரைச்சுப் பயன்படுத்தலாமா? எல்லா மீனையும் எடுக்கணுமா, இல்ல நோய் வந்ததை மட்டும் எடுத்தா போதுமா?

---

செவுள் பதில்:

வேவ்மேக்கர் பக்கம் நிக்குதுன்னா வெல்வெட்னே எடுத்துக்கிட்டு ஆரம்பிங்க. இன்னைக்கே.

மீன் எல்லாம் வெளிய வரணும். ஒண்ணு மிச்சம் இருந்தாலும் ஒட்டுண்ணிக்கு வீடு இருக்கும். டாம்செல்லும் ராஸும் நல்லா இருக்கற மாதிரி தெரியும், செவுள்ல சுமந்துக்கிட்டு இருக்கும். பாறைக்கு நடுவுல வலையை விட்டுத் துரத்தினா மீன் செத்துடும். மூணுல ரெண்டு பங்கு தண்ணியை டப்பா, வாளிகள்ல இறக்கி, பாறையை எடுத்து அதுல வச்சுட்டுப் பிடிங்க. அரை மணி நேர வேலை. பாறைக்குள்ள ராஸ் ஒளிஞ்சிருக்கும், ஒவ்வொரு பாறையையும் ஒரு காலி வாளி மேல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க.

தனித் தொட்டி. 2 அடி தொட்டியில புதுசா கலக்கின உப்புத்தண்ணி 60 லிட்டர். நீளம் அகலம் பெருக்கிக் கணக்குப் போடாம, அளவு தெரிஞ்ச வாளியால ஊத்தி எண்ணுங்க. மருந்துக் கணக்கு எல்லாமே இந்த எண்ணை நம்பித்தான். மணல் வேண்டாம், பாறை வேண்டாம், கார்பன் வேண்டாம். ஒளிய பிவிசி எல்போ நாலஞ்சு. ரெண்டு ஏர் ஸ்டோன், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். கரண்ட் போனா இந்தச் சூட்டுல ஆக்ஸிஜன் சீக்கிரம் தீரும், பேட்டரி ஏர் பம்ப் பக்கத்துலயே இருக்கட்டும். ஸ்பாஞ்சை மெயின் தொட்டி சம்ப்ல இருந்து எடுக்காதீங்க, ஒட்டுண்ணியும் கூட வரும். கடையில விக்கற பாட்டில் பாக்டீரியாவைப் போட்டு, தினம் 20 லிட்டர் தண்ணி மாத்துங்க.

காப்பர். அந்த லேபிள் இல்லாத பாட்டிலைத் தூக்கிப் போடுங்க. நீலமா இருக்கறதெல்லாம் காப்பர் இல்ல, மெத்திலீன் ப்ளூவும் நீலம்தான். காப்பராவே இருந்தாலும் எந்த வகைன்னு தெரியணும். இதுதான் இந்தத் துறையில அதிக மீனைக் கொல்ற குழப்பம்: க்யூப்ரமைன் மாதிரி மருந்துக்கு இலக்கு 0.5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). காப்பர் பவர் மாதிரி கீலேட் செய்த (காப்பரை வேற மூலக்கூறோட பிணைச்ச) வகைக்கு இலக்கு சுமார் 2.5 பிபிஎம். முதல் வகையை 2.5-க்கு ஏத்தினா மீன் சாகும். ரெண்டாவதை 0.5-ல விட்டா ஒட்டுண்ணி சந்தோஷமா இருக்கும்.

உரக்கடை மயில்துத்தம் வேண்டாம், அதுல வேற என்ன உலோகம் இருக்கோ தெரியாது. ஆய்வகத் தரத்துல வாங்கினா 3.93 கிராமை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணியில கரைச்சா ஒரு மில்லியில 1 மில்லிகிராம் காப்பர். கணக்கு சுலபம்தான். ஆனா வெறும் காப்பர் சல்பேட்டுக்கு இலக்கு 0.15 முதல் 0.20 பிபிஎம். காப்பர் அளக்கற கருவியான ஹன்னா ஹை ரேஞ்ச் செக்கரோட பிழையே கூட்டியோ குறைச்சோ 0.05. இலக்கோட அகலமும் அதே 0.05. அளக்கவே முடியாத இடத்துல நின்னுக்கிட்டு ஒரு மாசம் மருந்து கொடுக்கறதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

க்யூப்ரமைன் கிடைச்சா: 40 லிட்டருக்கு 1 மில்லி போட்டா 0.25 பிபிஎம் வரும். உங்க 60 லிட்டருக்கு முதல் நாள் 1.5 மில்லி, 48 மணி கழிச்சு இன்னொரு 1.5 மில்லி. இன்சுலின் சிரிஞ்ச்ல அளங்க, தொப்பியில வேண்டாம். தினம் மாத்தற 20 லிட்டர்ல, முழு அளவு வந்த பிறகு, வாளியிலேயே 1 மில்லி கலந்துட்டு ஊத்துங்க. முதல் ரெண்டு நாள் அரை மில்லி. இதை மறந்தா ஒவ்வொரு தண்ணி மாற்றமும் மருந்தை மூணுல ஒரு பங்கு குறைச்சிடும்.

அம்மோனியா ஏறினா ப்ரைம் (அம்மோனியாவோட நச்சைக் குறைக்கற தண்ணி மருந்து) ஊத்தத் தோணும். க்யூப்ரமைனோட அதைச் சேர்க்கவே கூடாது. அது காப்பரை நச்சு அதிகமான வடிவத்துக்கு மாத்திடும். அம்மோனியாவுக்குத் தண்ணி மாற்றம் ஒண்ணுதான் மருந்து.

டேங்குக்கு முதல்ல பெராக்சைடு குளியல். காப்பர் மெதுவா ஏற 48 மணி ஆகும், வெல்வெட் அதுவரைக்கும் காத்திருக்காது. வாளியில 10 லிட்டர் புது உப்புத்தண்ணி, தொட்டியோட அதே வெப்பம், வேகமா காத்து. மெடிக்கல் ஷாப்ல கிடைக்கற ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம். அதுல 12.5 மில்லி. 3 சதவீதப் பாட்டில்னா 25 மில்லி. லேபிளைப் படிக்காம வெளிநாட்டு வீடியோ பார்த்து ஊத்தினா ரெண்டு மடங்கு போயிடும், அவங்க ஊர்ல 3 சதவீதம்தான் வழக்கம். 30 நிமிஷம், பக்கத்துலயே உக்காந்து பாருங்க. சாய்ஞ்சா உடனே எடுத்துடுங்க. குளியல் தண்ணியைத் தொட்டிக்குள்ள விடாதீங்க.

க்ளவுன் பத்தி தறி எழுதுவார், நேத்து அவர்கிட்ட கேட்டிருக்கேன்.

---

தறி பதில்:

க்ளவுன் ரெண்டையும் டேங்கோட சேர்த்துப் போடாதீங்க தம்பி. 40 லிட்டர் டப் இதுக்குத்தான். ஜோடியில ஒண்ணுக்கு வந்தா இன்னொண்ணுக்கும் வந்துடுச்சுன்னு வச்சுக்கணும்.

ப்ரூக்லினெல்லாவுக்கு உறை, முட்டைன்னு ஒண்ணும் கிடையாது. மீன் மேலயே ரெண்டா பிரிஞ்சு பெருகும். அதனாலதான் ரெண்டு நாள்ல மீன் மூடிப் போகுது. அதே காரணத்தால சுத்தமான குளியலும் சுத்தமான தொட்டியும் கொடுத்தா சீக்கிரம் ஒழியவும் செய்யும்.

ஃபார்மலின் (37 சதவீதக் கரைசல்). வழக்கமா சொல்ற அளவு லிட்டருக்கு 0.25 மில்லி, ஒரு மணி நேரம். உங்க தண்ணி 30 டிகிரி. சூட்டுல ஃபார்மலின் கடுமையாகும், ஆக்ஸிஜனும் இழுக்கும். அதனால லிட்டருக்கு 0.15 மில்லி, அதாவது 10 லிட்டர் வாளிக்கு 1.5 மில்லி, 30–45 நிமிஷம் போதும். மருந்து ஊத்தறதுக்கு முன்னாடியே ஏர் ஸ்டோன் ஓடட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், மூணு குளியல். ஒவ்வொரு தரமும் குளியல் முடிஞ்சதும் மீன் பழைய தண்ணிக்குத் திரும்பக் கூடாது. டப்பைக் காலி பண்ணி, வெந்நீர்ல கழுவி, முழுசா காய வச்சு, புது உப்புத்தண்ணி. ஒரே டப்னா நடுவுல மீன் இருக்க இன்னொரு வாளி வேணும்.

பாட்டில் அடியில வெள்ளையா படிஞ்சிருந்தா அந்தப் பாட்டிலைத் தொடாதீங்க. அது பாராஃபார்மால்டிஹைடு, மீனுக்குக் கொடும் விஷம். உங்களுக்கும் ஃபார்மலின் நல்லதில்ல: கையுறை, கண்ணாடி, மொட்டை மாடி இல்லாட்டி திறந்த பால்கனி. சமையலறையில வேண்டாம்.

ஃபார்மலின் கிடைக்கலன்னா அடுத்தது மெட்ரோனிடசோல். 400 மிகி மாத்திரையைப் பொடி பண்ணி 60 லிட்டருக்கு ஒண்ணு என்ற கணக்கு. உங்க 40 லிட்டர் டப்புக்கு மூணுல ரெண்டு பங்கு. 48 மணிக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணி மாத்திட்டு மறுபடி, பத்து நாள். இது மெதுவானது, முத்திப்போன மீனுக்கு நேரம் போதாது. அந்த மாதிரி மீனுக்கு முதல்ல நன்னீர் முக்கல் 5 நிமிஷம் கொடுத்தா மூச்சு கொஞ்சம் இலகுவாகும். குளோரின் இல்லாத தண்ணி, அதே வெப்பம், சமையல் சோடாவால பிஎச் 8-க்குப் பக்கம் கொண்டு வந்தது. முக்கும்போது அடியில பார்த்துக்கிட்டே இருங்க: எள்ளு மாதிரி வெள்ளையா ஏதாவது உதிர்ந்தா தட்டைப்புழுவும் இருக்கு, அதுக்குத் தனி வைத்தியம்.

க்ளவுன் தேறினதும் அதுவும் காப்பர் படிக்குப் போகணும், ஏன்னா அது டேங்கோட ஒரே தண்ணியில இருந்த மீன். ஃபார்மலினையும் காப்பரையும் ஒரே நேரத்துல கொடுக்காதீங்க. ரெண்டு நாள் இடைவெளி விட்டு ஆரம்பிங்க.

---

பவளத்திட்டு எழுதியது:

ரொம்ப நன்றி சார், தறி அண்ணா. எல்லா மீனும் வெளிய வந்தாச்சு. க்யூப்ரமைனும் செக்கரும் கிடைச்சுடுச்சு. காப்பரை எத்தனை நாள் வைக்கணும்? மெயின் தொட்டியில எப்ப திரும்ப விடலாம்? ராஸ் காப்பரைத் தாங்குமா?

---

உவர்நிலம் பதில்:

காப்பர் கொல்வது தண்ணீரில் நீந்தும் பருவத்தை மட்டும்தான். மீன்மேல் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் தொடாது. அதனால் ஒரே தொட்டியில் வைத்தால் 30 நாள், ஒரு நாள்கூட இலக்குக்குக் கீழே போகாமல். 20-ஆம் நாள் 0.35-க்கு இறங்கிவிட்டால் மறுபடி முதல் நாள். 14 நாள் முழு அளவில் இருந்தபின் வேறொரு சுத்தமான தொட்டிக்கு மாற்றி, அங்கே மருந்தில்லாமல் கவனிக்கும் வழியும் உண்டு. அந்தத் தொட்டி பழையதிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி இருக்கட்டும், ஏர் ஸ்டோன் தெறிப்பிலேயே தொற்று தாவும்.

ராஸ் தாங்கும், ஆனால் சாப்பாட்டைக் குறைக்கும். அதுவும் டேங்கும் சாப்பிடாமல் ஒரு நாளுக்கு மேல் போனால் தண்ணீர் மாற்றி 0.4-க்கு இறக்கி, பசி வந்ததும் ஏற்றுங்கள். அப்படி இறக்கினாலும் நாள்கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்துதான். டேங்குக்கு உப்பு, மசாலா சேர்க்காத நோரி (காய்ந்த கடல்பாசித் தாள்) கிளிப்பில் மாட்டி வையுங்கள்.

செக்கரில் ஒரே குப்பியைத்தான் பூஜ்யத்துக்கும் அளவுக்கும் பயன்படுத்த வேண்டும். கைரேகை, உள்ளே ஒட்டிய காற்றுக்குமிழ் இரண்டும் எண்ணை மாற்றும். இரண்டு முறை அளந்து இரண்டும் ஒத்துவந்தால் மட்டும் மருந்து சேருங்கள். அளவு குறைவாகக் காட்டியதும் உடனே ஊற்றுவதுதான் அதிக அளவுக்குப் போகும் வழி.

மெயின் தொட்டி 76 நாள் மீன் இல்லாமல் இருக்க வேண்டும். டோமோன்ட் 72 நாள் வரை உயிரோடு இருந்ததாகப் பதிவு உண்டு. உங்கள் 30 டிகிரியில் பெரும்பாலும் முன்பே முடிந்துவிடும், ஆனாலும் குறைக்காதீர்கள். இறாலும் நண்டும் பவளமும் அங்கேயே இருக்கலாம், இறாலுக்கு இரண்டு நாளுக்கொருமுறை கொஞ்சம் தீனி. இந்த 76 நாளில் புதிதாக ஒரு நத்தையோ பவளத் துண்டோ சேர்த்தால், அதன் ஓட்டிலோ அடிக்கல்லிலோ உறை ஒட்டி வரலாம், கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் கடல் தண்ணீர் எடுத்து மாற்றும் பழக்கம் இருந்தால் இப்போதைக்கு நிறுத்துங்கள், கலக்கிய உப்பே போதும்.

---

தறி பதில்:

ஒரு சின்ன விஷயம். காப்பர் முடிஞ்சு கார்பன் போட்டு மருந்தை எடுத்த பிறகு, மெயின் தொட்டி காலியா இருக்கற மிச்ச நாள்ல மருந்துத் தொட்டியில இருக்கற மீன்களுக்கு ப்ராஸிக்வாண்டெல் ஒரு சுற்று கொடுத்துடுங்க, தட்டைப்புழுவுக்கு. லிட்டருக்கு 2.5 மிகி, அதாவது 60 லிட்டருக்கு 150 மிகி. 600 மிகி மாத்திரையில கால் பங்கு. தண்ணியில கரையவே கரையாது, கொஞ்சம் ஓட்காவில குழைச்சு ஊத்துங்க. அன்னைக்கு ஏர் பம்பை முழு வேகத்துல வைங்க, கார்பனையும் எடுத்துடுங்க. மருந்து முட்டையைக் கொல்லாது, அதனால 5-லிருந்து 7 நாள் கழிச்சு ரெண்டாவது டோஸ் கட்டாயம்.

வலை, சைஃபன் குழாய், ஈரக் கை: மெயின் தொட்டிக்குன்னு தனி, மருந்துத் தொட்டிக்குன்னு தனி. காப்பர் தொட்ட வாளியை இறால் தொட்டிக்குக் கொண்டு போகாதீங்க. மார்க்கர்ல பெருசா எழுதி வைங்க, வீட்டுல வேற யாராவது தண்ணி ஊத்திடுவாங்க.